வளைய வைக்கும் எண்ணெய்

பச்சை ஓஸ் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சவும், மாட்டைக் கழுவவும், வாசல் தெளிக்கவும், மோட்டாரிலிருந்து தொட்டிக்கு இழுக்கவும் அதுதான். அது ஏன் அப்படி இழுத்த பக்கமெல்லாம் வளைகிறது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. எனக்குத் தெரியும். வளைய வைத்தது என் கை.

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவி போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன ஓஸ் கம்பெனி இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு மெஷின், ஒரு மிக்சர், அவ்வளவுதான். பி.வி.சி. என்கிற வெள்ளை மாவு அங்கே மூட்டை மூட்டையாக வரும். அதை அப்படியே உருக்கி இழுத்தால் விறைத்த குழாய்தான் கிடைக்கும், வளைத்தால் ஒடியும். அதில் ஒரு எண்ணெயைச் சேர்த்தால்தான் ரப்பர் மாதிரி நெளியும். டிரம்மின் மேல் டி.ஓ.பி. என்று எழுதியிருக்கும். நாங்கள் வெறுமனே எண்ணெய் என்போம்.

எண்ணெய் கலக்குகிற வேலை என்னுடையது. டிரம்மைச் சாய்த்து வாளியில் பிடிப்பேன். மாவு சுற்றிக்கொண்டிருக்கும் மிக்சரில் பையப் பைய ஊற்றுவேன். சுண்ணாம்புப் பொடியும் பச்சைச் சாயமும் சேர்ப்பேன். சூடேறியதும் மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பதம் பார்ப்பேன். ஈர மணல் மாதிரி இருந்தால் இன்னும் ஓடவேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. மூடியைத் திறக்கும்போது இனிப்பும் கருகலும் கலந்த ஒரு ஆவி முகத்தில் அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் ஒரு வழுவழுப்பு மிச்சம் இருக்கும். அந்தக் கையோடுதான் மத்தியானச் சோற்றைப் பிசைந்து தின்றேன். வருஷக்கணக்கில் தின்றேன்.

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. என் மனைவி கேட்டுக்கொண்டது அது. "ஊரே எம்பேரை விட்டுட்டு வேற பேருல்லா சொல்லிக் கூப்பிட்டுது. இனி எம்பேரு எங்கயும் வரவேண்டாம்" என்றாள். அந்த வேறு பேர் மலடி.

அதை முதலில் சொன்னவள் என் அக்கா. என்னைவிட மிகவும் மூத்தவள். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். சேரன்மகாதேவியில் வாக்கப்பட்டு, ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் கொஞ்சம் வயலோடு இருக்கிறாள். கோபத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாக, "எந்தம்பி பொண்டாட்டி மலடியாப் போயிட்டா, என்ன செய்ய?" என்றாள். என் மனைவி அப்போது அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள்.

அவளுக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவள். கடையில் கூட வேலை செய்யும் பெண் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். எல்லாச் சோதனையும் முடிந்தது. "உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை, அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிவாருங்கள்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வந்து சொன்னாள். அந்த வாரமே போனேன். எனக்கு அதில் தயக்கம் ஒன்றும் இருக்கவில்லை. நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கித் தோளில் வைக்கிறவனுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்ற நினைப்புத்தான்.

ஒரு தடவை சோதித்தார்கள். சில வாரம் விட்டு மறுபடியும் சோதித்தார்கள். அப்புறம் இருவரையும் உட்கார வைத்து டாக்டரம்மா நேராகவே சொன்னார். என் விந்தில் அணுக்கள் மிகக் குறைவு. இருக்கிறவற்றிலும் பாதிக்கு மேல் நகரத் தெம்பில்லாதவை. இயல்பாகப் பிள்ளை உண்டாவது ரொம்பக் கஷ்டம்.

"சிகரெட், குடி?" என்று கேட்டார்.

"இல்லைம்மா."

"அம்மைக்கட்டு வந்து விதை வீங்கியிருக்கா சின்ன வயசில?"

"இல்லை."

"என்ன வேலை பாக்கிறீங்க?"

சொன்னேன். மாவு, எண்ணெய், பதம் பார்ப்பது, ஆவி, எல்லாம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த எண்ணெய் கையில படுமா?"

"கையிலதான்மா வேலையே."

அவர் விளக்கிய விதம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "ஹார்மோன்கிறது உடம்புக்குள்ள ஒரு இடத்திலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போற சேதி. இப்ப வளரு, இப்ப நிறுத்து, இப்ப அணுவை உண்டாக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ரொம்ப ரொம்பக் கொஞ்சமா இருந்தே இத்தனையும் பண்ணும். பிளாஸ்டிக்கில சேர்க்கிற சில ரசாயனங்கள் உடம்புக்குள்ள போனா அந்தச் சேதியைக் குழப்பும். உங்க எண்ணெய் அதில ஒண்ணு. ஆண் ஹார்மோன் சுரக்கிறதை அது குறைக்கும்னு சொல்றாங்க. வயித்துப் பிள்ளைக்கும் அது ஆகாது."

"அப்ப இதுதான் காரணமாம்மா?"

"இதுதான்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. மெஷின் சூடு இருக்கு, வேற எத்தனையோ இருக்கு. ஆனா இது இல்லவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." பேனாவை மறுபடி கையில் எடுத்தபடி தொடர்ந்தார். "அந்த எண்ணெயை உடம்பு சீக்கிரமே வெளியே தள்ளிடும். நீங்கதான் தினமும் காலைல போய் மறுபடி உள்ளே விட்டுக்கிறீங்க."

அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகிவிடுவதில்லை, நடுவில் குடியிருக்கிறது, சூடு பட்டாலும் எண்ணெய்ப் பண்டம் பட்டாலும் கசிந்து வரும் என்றும் சொன்னார். எனக்கு அதைப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. வயலில் வெயிலுக்குக் கிடக்கிற பழைய ஓஸைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றிரண்டு கோடை தாண்டியதும் விறைத்து, மடக்கினால் வெடிக்கும். எண்ணெய் போய்விட்டது என்போம். எங்கே போனது என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப் பாலத்தின்மேல் பஸ் ஏறியபோது என் பக்கம் திரும்பினாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

"எதுக்கு?"

"என்னைச் சொல்லிச் சொல்லி அவியளுக்குப் பழகிட்டு. கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிட்டு. ஒங்களை ஒருத்தர் அப்படிச் சொல்லி என்னால கேக்க முடியாது."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டிக்கெட்டைக் கசக்கி உருட்டிக்கொண்டே வந்தேன். வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமானால் தலை குனியும். எனக்குத் தலை குனியவில்லை.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களை வரச்சொன்னாள். போனால் வீடு நிறைய ஆட்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள், அத்தானின் சொந்தக்காரர்கள், நடுவில் சிவப்பு வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அந்தத் தெருவிலிருந்து வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டிப் போகிற குழுவுக்கு அவர்தான் தலைவர். குலசைக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, குரங்காக, பிச்சைக்காரனாக, போலீஸாக வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அக்கா என் மனைவியைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தாள். "இவளுக்காக நேந்திருக்கேன். இந்த வருஷம் குறத்தி வேஷம் கட்டி, ஒம்பது ஊர்ல மடிப்பிச்சை எடுத்து அம்மனுக்குச் செலுத்துதா. அடுத்த தசராவுக்குள்ள மடி நெறஞ்சிரும்" என்றாள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

என் மனைவி தலையை ஆட்டினாள். தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை அவள் காட்டிக்கொள்ளக்கூட இல்லை. ஒரு பெண் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தடவி, "கொறை தீந்துரும் தாயீ" என்றாள்.

அந்தத் தடவலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, அவளுக்குக் கொறை ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்" என்றேன்.

அக்காவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "என்னலே சொல்லுத?" என்றாள்.

"டாக்டர்கிட்டப் போனோம். அவளுக்கு எல்லாம் நல்லா இருக்கு. எனக்குத்தான் அணு இல்ல. இத்தன வருஷமா மலடின்னு சொன்னியளே, அந்தப் பட்டத்தை இனி எனக்குக் கொடுங்க. நான் மலடன்."

"வாயைக் கழுவுலே!" அக்கா கத்தினாள். "ஆம்பிளைக்கு என்னலே கொறை? ஒனக்கு மீசை இல்லையா, மேலுல பெலம் இல்லையா? பொண்டாட்டியைக் காப்பாத்த என்ன வேணும்னாலும் சொல்லுவியா?"

"பொய் சொல்லலை அக்கா. நான் கலக்குத எண்ணெய் அப்படி."

சிவப்பு வேட்டிப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "நேந்தது நேந்ததுதான் தம்பி. யாராவது கட்டித்தானே ஆகணும்."

"அம்மன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைய்யா. கேக்கவேண்டிய எடம் வேற. அவ வேஷம் கட்ட மாட்டா."

இதைச் சொல்லி முடித்ததும் என் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் பின்னாலேயே ஓடினேன். வாய்க்கால் கரையில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தாள். எட்டிப் பிடித்தபோது அவள் முகம் நான் அதுவரை பார்த்திராத முகமாக இருந்தது.

"என்னைக் கேட்டியளா?" என்றாள்.

"ஏளா, ஒனக்காகத்தானே..."

"ஒங்க அக்காவும் எனக்காகத்தான் நேந்தாவ. அவியளும் என்னைக் கேக்கல. நீங்களும் கேக்கல. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு மேலதானே அத்தன பேரு முன்னால சொன்னிய?"

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் கோபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இருவரும் அப்படியே இருந்தோம்.

ஒரு காலையில் தலையில் பூ வைத்துக்கொண்டே அவளாகப் பேசினாள். முந்தின நாள் கடைக்கு வந்த பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, சேலையைப் பார்க்காமல் இவள் வயிற்றைப் பார்த்து, இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்டிருக்கிறாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரவியளுக்கு வேலை செய்யுத எடத்துல காயம் பட்டிருக்கு, அதனால பிள்ளை இல்லைன்னேன். அவளுக்கு அதுக்கு மேல பேச்சு வரலை."

பூவைச் செருகி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அங்கன போயி கொறைன்னு சொன்னிய. அதுதான் எனக்கு ஆகலை. கொறைன்னா கூடப் பொறந்தது. இது அப்படியா? ஒங்க கம்பெனில ஒருத்தருக்குக் கட்டர்ல விரல் போச்சுல்லா, அவரைக் கொறையுள்ளவருன்னா சொன்னாவ? காயம்னுதானே சொன்னாவ? விரல் போனா வெளிய தெரியுது. இது வெளிய தெரியலை. ஊருக்குச் சொன்னிய சரி. சொல்லவேண்டிய எடத்துல சொன்னியளா?"

அன்றைக்குக் கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் அவள் பேசியது காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். புது எண்ணெய் டிரம் ஒன்று வந்து இறங்கியிருந்தது. மூடியைத் திருகித் திறக்கிற சாவியைக் கையில் எடுத்தேன். பிறகு அதை மடியில் செருகிக்கொண்டு டிரம்மின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். மெஷின்காரர் வந்தார், ஓஸைச் சுற்றிச் சுருள் கட்டுகிற பெண்கள் வந்தார்கள், என்ன என்று கேட்டார்கள். அண்ணாச்சி வரட்டும் என்றேன்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். விரல் போனவனைத் தன் வண்டியிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். வந்தவர் ஓடாத மிக்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னவே, மெஷின் சூடேறிக் கெடக்கு. மாவு எங்க? மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு முடியாமத்தான் போச்சு அண்ணாச்சி. ஆனா காய்ச்சல் இல்ல."

சொன்னேன். அணு என்ற சொல்லைக்கூட விடவில்லை. மெஷின்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மூட்டை தூக்குகிறவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அண்ணாச்சிக்குத்தான் முகம் சிவந்தது.

"இதை எங்கிட்டத் தனியா வந்து சொல்லியிருக்கலாம்லா?"

"தனியாச் சொன்னாத் தனியாவே போயிரும் அண்ணாச்சி."

"நானும் இந்த எண்ணெய்லதான்வே கெடந்தேன். எனக்கு மூணு பிள்ளைய."

"ஒங்களுக்குப் பொறந்தது சந்தோஷம். இதுதான் காரணம்னு நான் முத்திரை குத்தி வாங்கிட்டு வரலை. டாக்டரம்மாவே அப்படிச் சொல்லலை. ஆனா வெறுங்கையால அள்ளுங்கன்னு எந்த டாக்டரும் சொல்லலையே. எங்களுக்குக் கையுறை வேணும். மிக்சருக்கு மேல ஆவியை வெளிய தள்ளுத ஃபேன் வேணும். சோறு திங்க இந்த ஷெட்டுக்கு வெளிய ஒரு எடம் வேணும்."

"ஊர்ல எங்கவே பிளாஸ்டிக் இல்ல?" அவர் குரல் உயர்ந்தது. "நீரு கடையில கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவர்ல வாங்கலையா? டீயைக் கவர்ல கட்டிட்டு வரலையா? அதெல்லாம் விட்டுட்டு எங்கம்பெனி வாசல்லதான் ஒமக்கு ஞானம் பொறக்குமோ?"

அவர் சொன்னது நியாயம்தான். சூடான பண்டத்தைக் கவரில் வாங்காதீர்கள் என்று டாக்டரம்மாவும் எங்களிடம் சொல்லியிருந்தார். "அங்கயும் கேக்கத்தான் போறேன் அண்ணாச்சி. மொதல்ல இங்கன கேக்கேன்" என்றேன்.

"கையுறை போட்டா மாவுப் பதம் எப்படித் தெரியும்?"

அதற்குப் பதில் சொன்னது சுருள் கட்டுகிற அக்கா ஒருத்தி. அவள் மணிமுத்தாற்றுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு கீழே இறங்கி வந்தவள். அதிகம் பேசாதவள். கையில் பாதிச் சுற்றிய ஓஸோடு முன்னால் வந்து நின்றாள்.

"மலையில செடிக்கு மருந்து அடிக்கும்போது எங்க அம்மா கையுறை கேட்டா அண்ணாச்சி. கையுறை போட்டா மருந்து வீணாப் போகும்னாவ. கடைசில அவ நகமெல்லாம் உதுந்து போச்சு. எனக்கும் இங்கன வந்த பொறவு ரெண்டு கலைஞ்சிருக்கு. எதனாலன்னு எனக்குத் தெரியாது. இவரு சொல்லுத வரைக்கும் கேக்கணும்னு தோணலை. இப்பக் கேக்கேன்."

மெஷின்காரரின் துண்டு வாயிலிருந்து இறங்கியது. அந்த அக்காவுக்குப் பிள்ளை கலைந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே நின்று வேலை செய்திருக்கிறோம்.

நான் டிரம்மை விட்டு இறங்கவில்லை. அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், உள்ளே வந்தார், வேலைக்கு வேறு ஆள் கொண்டுவருவேன் என்றார். அந்த அக்கா, "வாற ஆளுக்கும் நாங்க சொல்லுவோம்லா" என்றாள். அன்றைக்கு ஓஸ் ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை. மெஷின்காரரும் எங்களோடு வந்து உட்கார்ந்தார். சிரித்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் பீடிக்கட்டை எடுத்து நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை என்றேன். "அப்ப சரி" என்று உள்ளே வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் ஃபேன் மாட்ட ஆள் வந்தான். முழங்கை வரைக்கும் வருகிற தடித்த கையுறைகள் வந்தன. ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு தகரப் பந்தலும் கைகழுவ ஒரு குழாயும் போட்டார்கள். எங்களுக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் அண்ணாச்சி என்னை மறக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் கூப்பிட்டு, ரொம்பப் பிரியமான குரலில், "இந்த எண்ணெய் ஒமக்கு ஆகாதுன்னு நீரேதானே சொன்னீரு. அதுக்குப் பொறவும் ஒம்மை நான் வச்சிருந்தா பாவம் எனக்குல்லா வரும்? வேற எடம் பாத்துக்கிடும்" என்றார். நான் சொன்ன சொல்லாலேயே என்னை வெளியே அனுப்பினார். ஆத்திரமாக வந்தது. வாசலில் நின்று, "கையுறை கிழிஞ்சா புதுசு வாங்கிக் குடுங்க அண்ணாச்சி, அந்த அக்கா பாத்துக்கிட்டே இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஃபேன் நின்றால் சுருள் கட்டுவதை நிறுத்திவிடுகிறாளாம்.

அந்தத் தசராவுக்கு அக்கா என்ன செய்தாள் என்று சொல்லவேண்டும். எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். தசரா நெருங்கிய நேரத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. வேஷக்காரர்கள் ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் ஒரு குறத்தி வந்து நின்றாள். பாசிமணி, தோளில் தூளி, கையில் தட்டு. நரைத்த முடியில் கோழி இறகு. அது என் அக்கா.

வாழ்நாளில் யாரிடமும் கைநீட்டாதவள். முட்டிவலியோடு வெறுங்காலில் ஊர் ஊராக நடந்திருக்கிறாள். என் மனைவி உள்ளே போய்க் காணிக்கை எடுத்து வந்து தட்டில் வைத்தாள்.

"யாருக்கு நேந்து நடக்கிய மதினி?" என்று கேட்டாள்.

"எந்தம்பிக்கு" என்றாள் அக்கா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "அவன் மேலுல ஏறுன எண்ணெய் எறங்கட்டும்னு."

என் மனைவி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, காலுக்கு வெந்நீர் ஊற்றினாள். இருவரும் வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அக்கா அந்தப் பழைய சொல்லை அப்புறம் வாயில் எடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் யாராவது இன்னொரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேசினால், "அவ மாப்பிள்ளை என்ன வேலை பாக்கான்னு கேட்டியா?" என்று சண்டைக்குப் போகிறாள் என்று அத்தான் சொன்னார்.

நான் இப்போது ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஆற்றோர ஊர்களிலிருந்து வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு வருகிற வேலை. கம்பெனியை விட்டுச் சில மாதம் கழிந்ததும் தை மாதத்தில் மறுபடியும் சோதித்தோம். கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் போதாது என்றார் டாக்டரம்மா. எண்ணெயை விட்டதால் கூடியதா, தானாகக் கூடியதா என்று கேட்டேன். தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். சிகிச்சைகள் இருக்கின்றன, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். முடிவை நான் என் மனைவியிடம் விட்டேன். இந்தத் தடவை அவளைக் கேட்டேன்.

"ஊசியும் மருந்துமா ஏறப்போறது எம்மேலுலதானே?" என்றாள். "எனக்கு வேண்டாம். வந்தா வரட்டும். வராட்டா நாம ரெண்டு பேரு இருக்கோம். பிள்ளைக்காக நான் ஒங்களைக் கட்டலை."

பிள்ளை இல்லை. இதை எழுதும்போதும் இல்லை. வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கோயில் வாசலில் அப்பன் தோளில் உட்கார்ந்து போகிற குழந்தையைக் கூட்டத்தில் மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். ஆனால் அந்த வருத்தத்தை மூடி வைக்க நான் தயாரில்லை. கல்யாண வீட்டில் எத்தனை பிள்ளை என்று கேட்டால், இல்லை, எனக்கு வேலையில் காயம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சிலர் அடுத்த பந்திக்கு எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். கடையில் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்ற வந்தால் தூக்குவாளியை நீட்டுகிறேன். ஏன் என்று கேட்டால் அங்கேயும் இதே கதையைத்தான் சொல்கிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் பாதியில் நிறுத்துவதில்லை.

போன மாதம் மண்டியில் தார் இறக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தரகர் இருக்கிறார். வாட்டசாட்டமான ஆள், என்னைக் கண்டால் பத்துப் பேர் முன்னால், "ஏலே, வெக்கமில்லாம ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே?" என்று கேலி பேசுகிறவர். அன்றைக்கு அவராக ஆட்டோவுக்குப் பின்பக்கமாக வந்தார். தார்களுக்கு நடுவில் குனிந்து, யாரும் பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி எங்கன இருக்கு? எம்மருமவனுக்கு... அவன் பிளாஸ்டிக் கவர் அடிக்கிற கம்பெனில வேலை பாக்கான்."

தோளிலிருந்த தாரை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "சத்தமாக் கேளும் வே" என்றேன். "இதுல பையப் பேசுததுக்கு ஒண்ணுமில்ல."

அவர் விழித்தார். இலைக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி மறுபடியும் கேட்டார். நானும் அத்தனை பேர் காதிலும் விழும்படி வழி சொன்னேன்.